பிகினியில் கேட்ட சம்மதம்

1946 ஜூலையில் மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா இரண்டு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. ‘கிராஸ்ரோட்ஸ்’ எனப்படும் இச்சோதனைக்குப் பின்னால் படைப்பிரிவுகளின் போட்டி இருந்தது. அணுகுண்டு வந்தபின் போர்க்கப்பலுக்கு வேலையில்லை என்றது விமானப் படைத் தரப்பு. கடற்படை அதை மறுத்தது. இரு தரப்பும் சேர்ந்த கூட்டுப் படையில் ஏறத்தாழ 42,000 பேர் இருந்தனர்.

அதிபர் ட்ரூமன் ஜனவரியிலேயே ஒப்புதல் அளித்துவிட்டார். தீவு மக்களிடம் கேட்டது பிப்ரவரியில்தான். ஒரு ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் கடற்படை அதிகாரி பென் வயட் அவர்களைக் கூட்டி, மனிதகுல நன்மைக்காகத் தீவை விட்டுத் தருவீர்களா என்று கேட்டார். அவர்களை இஸ்ரவேல் மக்களுக்கு ஒப்பிட்டார். எல்லாம் கடவுள் கையில் என்ற நம்பிக்கையோடு போகிறோம் என்றார் தலைவர் ஜூடா. 167 பேர் ரோங்கெரிக் தீவுக்குப் பெயர்ந்தனர்.

தியாகம் எல்லா மதங்களும் போற்றும் அறம். ஆனால் தருபவர் மறுக்கவும் முடிந்தால்தான் அது தியாகம். முடிவெடுத்தபின் வந்த கேள்வியில் மறுப்புக்கு இடமேது? உவமையும் பொருந்தவில்லை. இஸ்ரவேலர் அடிமைத்தளையிலிருந்து வாக்களிக்கப்பட்ட நிலத்துக்குப் போனார்கள். பிகினி மக்கள் சொந்த நிலத்தை இழந்து போனார்கள். பக்தியுள்ள மக்களிடம் அவர்களது வேதத்தையே எடுத்துப் பேசியது நம்பிக்கையைக் கருவியாக்கிய செயல்.

படைவீரர் நிலை வேறு. உயிரையும் தருவதாக உறுதி ஏற்றவர் சோதனைக்கும் இசைந்தவரே என்று வாதிடலாம். அது வலுவான வாதம்தான். ஆனால் அவர் ஏற்றது தெரிந்த ஆபத்தை. ஜூலை 25 அன்று நீருக்கடியில் வெடித்த இரண்டாம் குண்டு, இலக்காக நிறுத்தப்பட்டிருந்த கப்பல்கள்மேல் கதிரியக்க நீரை வாரி இறைத்தது. மாலுமிகள் தூரிகையும் சோப்புமாக மேல்தளங்களைத் தேய்த்துக் கழுவினார்கள், கதிரியக்கம் போகவில்லை. அதை அளக்கும் பேட்ஜ் பெரும்பாலோரிடம் இல்லை. திட்டமிட்டிருந்த மூன்றாம் சோதனை கைவிடப்பட்டது. மறு ஆண்டே நாஜி மருத்துவர்கள் மீதான நியூரம்பர்க் தீர்ப்பு, மனிதர்மீதான பரிசோதனைக்கு முழுதும் அறிந்து தரும் சம்மதம் இன்றியமையாதது என்றது. அந்த அளவுகோலில் மாலுமிகளின் கீழ்ப்படிதல் சம்மதம் ஆகாது.

1970களில் பிகினிக்குத் திரும்பிய சிலர், கதிரியக்கம் உணவில் கலந்திருந்ததால் 1978இல் மீண்டும் வெளியேற்றப்பட்டனர். 2001இல் அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பிகினி மக்களுக்கு 56 கோடி டாலருக்கு மேல் வழங்க உத்தரவிட்டது. அதற்கான நிதி தீர்ப்பாயத்திடம் இல்லை. மிகச் சிறு பகுதியே அவர்கள் கைக்கு வந்தது.