பூனைக்காகக் கை நீட்டும்போது

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் பூனைக்கும் உள்ள உறவு எலியில் தொடங்குகிறது. துணி ரோல்கள் அடுக்கிய குடோனுக்குள் எலி புகுந்துவிட்டால் நட்டம் யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே பூனை நடமாடுவதை யாரும் தடுப்பதில்லை. அதே பூனை கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் குட்டி போட்டுவிட்டால்தான் சிக்கல். வேஸ்ட் ஏற்ற வண்டி வரும் நாளில் மூட்டை போயாக வேண்டும். தாய் இரை தேடப் போன நேரத்தில் குட்டிகள் ஓர் அட்டைப்பெட்டிக்கு மாறும், பெட்டி சாலையோரத்துக்கு மாறும். இப்படி வந்து சேர்கிறவற்றையும், பல்லடம் சாலையிலும் அவிநாசி சாலையிலும் வண்டியில் அடிபட்டுக் கிடப்பவற்றையும் வாடகை வீட்டில் வைத்துக் காப்பாற்ற முனைகிறவர்கள் இந்த ஊரில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் உண்டு. சில மாதங்களில் அவர்களுடைய கைக்காசு தீரும். பிறகு ஊராரிடம் கேட்டே ஆகவேண்டும். வாயில்லா உயிருக்காகக் கேட்பது தவறு என்று தமிழ் மரபில் யாரும் சொல்லப்போவதில்லை. எதைக் காட்டிக் கேட்பது, யாரிடம் என்ன பேச்சின் மேல் வாங்குவது என்பதில்தான் அறச்சிக்கல் தொடங்குகிறது. பணம் வருகிற வழி வெறும் வழியாக நின்றுவிடுவதில்லை. காப்பகத்துக்குள் எந்தப் பூனை பிழைக்கும், எது சாகும் என்பதையும் அதுவே முடிவுசெய்கிறது.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். முப்பது பூனைகள் உள்ள சிறிய காப்பகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு அறுபது கிராம் உலர்தீனி என்றால், மாதத்துக்கு 54 கிலோ. கிலோ 300 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் தீனிக்கு மட்டும் 16,200 ரூபாய். வாடகை, மலத்தொட்டிக்கு மணல், காலையும் மாலையும் கூண்டு கழுவும் ஆளுக்குச் சம்பளம், தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் அதற்கு மேல். வீட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கும் பூனை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும் என்பதால், தத்துப் போகாத ஒவ்வொரு பூனையும் அத்தனை ஆண்டுக் கடன். ஆனால் கேட்கும் முறை இந்தக் கணக்கோடு ஒட்டுவதே இல்லை. கால் நசுங்கிய பூனையின் படத்தைக் கைபேசியில் போட்டு, கீழே ஒரு ஜிபே எண்ணைக் கொடுத்தால், அறுவைச் சிகிச்சைக்கு வேண்டியது ஓர் இரவில் சேர்ந்துவிடும். அதே எண்ணுக்கு மணல் மூட்டை வாங்கப் பணம் கேட்டால் வராது. வாடகைக்குக் கேட்டாலோ, வாடகை கட்ட வழியில்லாதவர் ஏன் காப்பகம் நடத்துகிறார் என்ற பதில்தான் வரும்.

இதன் விளைவு மெல்ல மெல்லத் தெரியும். படத்துக்குத்தான் பணம் என்றால், பணம் தீரும்போதெல்லாம் புதிய படம் வேண்டும். புதிய படத்துக்குப் புதிய காயம் வேண்டும். உள்ளே இருக்கும் முப்பதுக்கு மணல் வாங்க முப்பத்தொன்றாவது பூனையை எடுக்கும் நிலை வந்துவிடுகிறது. நடத்துகிறவர் நல்லவராக இருந்தாலும் இது நடக்கும். இடம் நெருங்கியதும் பேன்லூக்கோபீனியா போன்ற தொற்று காத்திருக்கிறது. தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு அது பெரும்பாலும் மரணம். மலத்திலும் பாத்திரத்திலும் செருப்பிலும் ஒட்டிப் பரவும் அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் வீடுகளில் ஊற்றும் பினாயிலுக்கு அது பணிவதில்லை; பினாயில் வகைகள் பூனைக்கே நஞ்சு. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் அது சாகும். (பிளீச்சிங் பட்டறைகளுக்குப் பெயர்போன ஊரில் அது கிடைக்காமல் போகாது.) புதிதாக வருவதை இரண்டு வாரமாவது தனியறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். தனியறை, பிளீச்சிங் பவுடர், தடுப்பூசி இந்த மூன்றும்தான் அதிக உயிர்களைக் காக்கின்றன. மூன்றில் ஒன்றுகூடப் படத்துக்கு ஆகாது. கண்ணீரை நம்பி நடக்கும் காப்பகம், கண்ணீர் வரவழைக்காத செலவுகளை ஒத்திப்போடப் பழகி, கடைசியில் தான் காப்பாற்றிய குட்டிகளையே தொற்றுக்குக் கொடுக்கிறது. இதே பாதையில் இன்னும் கொஞ்சம் போனால் மோசடி. விலங்கை ஆபத்தில் தள்ளிவிட்டு மீட்பதாக நடிக்கும் வீடியோக்கள் பெருகி, அவற்றைத் தடைசெய்வதாக 2021-ல் யூடியூப் நிறுவனமே அறிவிக்க வேண்டியிருந்தது.

காயத்தைக் காட்டாமல் கேட்டால் பணமே வராது; கொள்கை பேசிக்கொண்டிருந்தால் பூனை செத்துவிடும் என்று களத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. காயம் உண்மையென்றால் அதைக் காட்டுவதில் பொய்யும் இல்லை. ஆனால் படம் போட்டுக் கேட்கிறவர் மேல் இரண்டு கடமைகள் ஏறுகின்றன. மருத்துவருக்கு வேண்டிய தொகையை முதலிலேயே சொல்லி, அது சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். பூனை பிழைத்தாலும் செத்தாலும் அதே இடத்தில் அறிவித்து, மீந்தது எங்கே போனது என்பதையும் எழுத வேண்டும். செத்துப்போன பூனையின் படம் அடுத்த மாதமும் பணம் கேட்டுக்கொண்டிருந்தால், கொடுத்தவருடைய இரக்கம் திருடப்பட்டது என்றே பொருள். காயத்துக்கென்று வரும் ஒவ்வொரு ரூபாயோடும் கருத்தடைக்கென்று ஒரு பங்கு சேர்த்துக் கேட்பதும் நேர்மையின் பகுதியே. பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று சாதாரணம். மாநகராட்சியின் கருத்தடைத் திட்டங்களும் 2001, 2023 ஆண்டுகளின் மத்திய விதிகளும் வெறிநோய் அச்சத்தால் நாய்களை மையமாகக் கொண்டவை. பூனைக்குக் கருத்தடை என்பது பெரும்பாலும் தனியார் கைக்காசுதான். ஒரு தெருவின் ஐந்து பெண் பூனைகளுக்குக் கருத்தடை செய்து அதே தெருவில் விட்டால், அடுத்த ஆண்டு அந்தத் தெருவிலிருந்து அட்டைப்பெட்டிகள் வருவது குறையும். பிறக்காத குட்டியைப் படமெடுக்க முடியாது என்பதுதான் இந்தச் செலவின் ஒரே குறை.

எல்லாவற்றையும்விடக் கனமான எதிர்க்கேள்வி வேறு. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ஒரே அறையில் நாலைந்து பேராக முடங்கும் தொழிலாளர்கள் நிறைந்த ஊரில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பிஎஃப் கணக்குக்கு அலையும் ஊரில், பூனைக்குப் பணம் திரட்டலாமா? சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் அடைத்துவைத்த வரலாறு இந்த வட்டாரத்துக்கு உண்டு. சாயக்கழிவில் நொய்யல் ஆறு செத்ததும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலங்கள் பாழானதும் பழைய கதையாகிவிடவில்லை. இரக்கம் ஓர் அளவுக்குத்தான் இருக்கிறது, பூனைக்குக் கொடுத்தால் மனிதனுக்குக் குறையும் என்பது இந்தக் கேள்விக்கு அடியில் இருக்கும் கணக்கு. வரலாறு இதற்கு ஒத்துப்போகவில்லை. நியூயார்க்கில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1866-ல் தோன்றியது. வளர்ப்புத்தாயிடம் அடிவாங்கிய மேரி எல்லன் என்ற சிறுமியைக் காப்பாற்ற வழி தெரியாமல், 1874-ல் ஒரு பெண் அந்தச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க்கிடம்தான் போனார். அந்த வழக்குக்குப் பிறகே குழந்தைகளுக்கென்று ஒரு பாதுகாப்புச் சங்கம் அந்த நகரில் பிறந்தது. விலங்குக்காகப் பழகிய இரக்கம் குழந்தைக்கு வழிகாட்டியது. கணக்கு அதோடு முடிந்துவிட்டது என்று சொல்லி இந்தக் கேள்வியைக் கைகழுவவும் கூடாது. திருப்பூர் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய பழநி மலைப்பக்கத்தை ஆண்ட பேகன், மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே பேகன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் நால்வரும் அவனிடம் போய் அவளுக்காகப் பேசிய பாடல்கள் புறநானூற்றில் அடுத்தடுத்து இருக்கின்றன. மயிலுக்கு இரங்கியதை அவர்கள் கேலி செய்யவில்லை. உன் பொன்னும் பொருளும் வேண்டாம், அவளிடம் போ, அதுவே நீ எங்களுக்குத் தரும் பரிசில் என்றார்கள். கொடையைப் புகழ்வதே பிழைப்பாகக் கொண்டவர்கள், புகழை எங்கே நிறுத்திவைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

இன்றைய காப்பகத்தில் அந்தப் பாடல்களுக்கு நேரடியான வேலை இருக்கிறது. நிறுவனங்கள் சட்டம் 2013-ன் கீழ், சமூகப் பொறுப்புச் செலவுக்கான அட்டவணையில் விலங்கு நலமும் ஒன்று. அந்தக் கடமைக்கு உட்படும் பெரிய ஏற்றுமதி நிறுவனம் கூண்டு கட்டிக் கொடுக்கலாம், வண்டி வாங்கிக் கொடுக்கலாம், பெயர்ப்பலகையும் கேட்கலாம். தொழிலாளிக்குச் சேரவேண்டியதை நிறுத்திவைத்திருக்கும் முதலாளியின் பணத்தை வாங்கலாமா? பூனையின் வயிறு அந்த வேறுபாட்டை அறியாது. வாங்குவதில் பெரிய பாவமில்லை. பாவம் பதிலுக்குக் கொடுப்பதில் இருக்கிறது. பலகை, பொன்னாடை, பத்திரிகைப் படம், கருணையாளர் விருது இவையெல்லாம் அவர் கொடுக்க மறந்த கூலிக்கு மேல் போர்த்தும் போர்வைகள். புகழை விற்காத காப்பகத்துக்குச் சில காசோலைகள் வராமல் போகும். அந்த இழப்பு தாங்கக்கூடியதே, ஏனென்றால் ஒரே பெரிய கையை நம்புவது இந்த ஊரில் வேறு விதத்திலும் ஆபத்து. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன; 2025 ஆகஸ்டில் அமெரிக்கா ஐம்பது சதவீத வரி போட்டதும் ஆர்டர்கள் நின்றன. அப்படிப்பட்ட மாதங்களில் முதலில் வெட்டப்படுவது நன்கொடை. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில், லைன் வீட்டு வாசலில் மீந்த சோறு தின்ற பூனைகளுக்கும் பட்டினிதான். உலை வைக்கும்போது ஒரு பிடியை ஒதுக்கும் பிடியரிசி வழக்கம் நமக்குப் புதியதல்ல. மாதம் நூறு ரூபாய் தருகிற இருநூறு பேர் இருந்தால் மேலே சொன்ன தீனிச் செலவு போக, மணலுக்கும் மீதி இருக்கும். வேஸ்ட் கடைக்குப் போகும் பனியன் துணியில் ஒரு மூட்டை படுக்கைக்குப் போதும். அதற்குப் பலகை யாரும் கேட்க மாட்டார்கள்.

இருநூறு பேரிடம் வாங்கினால் இருநூறு பேருக்குக் கணக்கு காட்டவேண்டும். அறக்கட்டளையாகப் பதிந்து, தனி வங்கிக் கணக்கு வைத்து, வருமான வரிக் கழிவுக்கான பதிவு பெறுவது இரண்டு பேர் நடத்தும் காப்பகத்துக்குச் சுமை என்பது உண்மைதான். ஆடிட்டர் கட்டணமே ஒரு மாத மணல் செலவை விழுங்கும். ஆனால் சொந்த ஜிபே எண்ணில் வீட்டு மளிகையும் பூனை மருந்தும் ஒன்றாகக் கலந்தால், சந்தேகம் வரும் நாளில் நேர்மையானவரிடமும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பதிவு தாமதமாகலாம், மாதம் ஒரு தாளில் வரவு, செலவு, வந்த பூனை, தத்துப் போன பூனை, செத்த பூனை என்று எழுதி ஒட்டுவதற்கு ஆடிட்டர் தேவையில்லை. செத்தவற்றின் எண்ணிக்கையை எழுதத் தயங்கும் காப்பகத்துக்குக் கொடுப்பதற்கு முன் கொடுப்பவர் கொஞ்சம் யோசிக்கலாம். அரசு செய்யாதா என்று கேட்பவர்களும் உண்டு. வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் என்ற திட்டத்தை 20 கோடி ரூபாயில் 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெயர் பொருத்தமானதுதான். ஆனால் அரசு உதவிகூட, பதிவும் கணக்கும் உள்ளவர்களையே தேடி வரும்.

கடைசியாக, இல்லை என்று சொல்வது. நன்கொடை தருகிறவர் தான் கண்டெடுத்த பூனையையும் கூடவே கொண்டுவருவார். போன மாதம் ஐயாயிரம் கொடுத்தேனே என்பார். முப்பதுக்கு மேல் இடமில்லை என்று எழுதி வைத்துவிட்டு அவருக்காக முப்பத்தொன்றை எடுத்தால், அந்த ஐயாயிரம் நன்கொடையாக இருக்காது, கட்டணமாகிவிடும். இடமில்லை என்று சொல்லி, கருத்தடைக்கு மருத்துவரிடம் நாள் வாங்கிக் கொடுத்து, குணமானபின் எடுத்த தெருவிலேயே விட்டுத் தீனி வைக்கச் சொல்வதே அந்தப் பூனைக்கும் உள்ளே இருப்பவற்றுக்கும் நல்லது. நலமாகத் தெருவில் வாழும் பூனைக்குக் கூண்டு எந்த வகையிலும் பரிசல்ல; தாயற்ற குட்டி, கண் போனது, கால் போனது இவற்றுக்குத்தான் காப்பகம். நடத்துகிறவர் நோயில் விழுந்தாலோ வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னாலோ முப்பதும் எங்கே போகும் என்பதையும் பணம் கேட்கும் தாளிலேயே எழுதிவிட வேண்டும்: எந்த ஊர்க் காப்பகம் எத்தனை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறது, மூன்று மாதத் தீனிக்கு எவ்வளவு கையிருப்பு என்று. அந்த வரிகள் அச்சாகாத வரை பதினைந்தாண்டுக் கடனை ஒரு மாதச் செலவு போலக் காட்டித்தான் ஊரிடம் கேட்கிறார்கள்.