திரையின் கூற்றும் அதன் பிராமாணியமும்

உலாவியில் ஒரு குறிப்பைத் திருத்தியவுடன் 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் தோன்றும் சொல், தொலைவிலுள்ள சேவையகத்தின் தரவுத்தளத்தில் நிகழ்ந்த, அல்லது நிகழ்ந்திருக்க வேண்டிய, ஒரு மாற்றத்தைப் பற்றிய கூற்றாகும். அக்கூற்று எதனால் மெய்யெனக் கொள்ளப்படுகிறது என்ற வினா பொறியியலோடு நின்றுவிடுவதில்லை. வலைத்தளங்களின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு செயலுக்கும் சேவையகமே முழுப் பக்கத்தையும் புதிதாக ஆக்கி அனுப்பியதால், திரை காட்டியது பெரும்பாலும் சேவையகம் அறிந்ததாகவே இருந்தது. பக்கத்தை மாற்றாமலே பின்னணியில் கோரிக்கை அனுப்பும் வசதி 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியோடு வந்து, 2004இல் ஜிமெயிலால் பரவலாகி, 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இட்ட 'அஜாக்ஸ்' என்ற பெயரால் நிலைபெற்ற பின்னர், பயனரின் கணினியில் இயங்கும் முகப்பு நிரல் தனக்கென ஒரு தரவு நகலை வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. நகல் இருக்குமிடத்தில், அது மூலத்தோடு பொருந்தாத காலமும் இருக்கும்.

அந்த இடைக்காலத்தில் திரை நடந்துகொள்ள இரு வழிகள் உண்டு. மறுமொழி வரும்வரை காத்திருந்து, பிறகே மாற்றத்தைக் காட்டுவது ஒன்று. மாற்றத்தை முந்திக் காட்டிவிட்டு, சேவையகம் மறுத்தால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்புவது, பொறியாளர்கள் 'ஆப்டிமிஸ்டிக் அப்டேட்' என்று வழங்கும் மற்றொன்று.

ஓர் அறிவு மெய்யானது என்பது எதனால் அறியப்படுகிறது என்ற வினாவை இந்தியத் தத்துவ மரபினர் பிராமாணியவாதம் என்ற பெயரில் பல நூற்றாண்டுகள் வாதித்தனர். (அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவைகளை, அதாவது மெய்யறிவு பெறும் வழிகளை, எடுத்துரைப்பதால், தமிழ்ச் சைவத்துக்கும் இத்துறை அயலன்று.) ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் குமாரில பட்டர் சுலோகவார்த்திகத்தில் நிலைநாட்டிய மீமாம்சைக் கொள்கையின்படி, அறிவு தோன்றும்போதே செல்லுபடியோடு தோன்றுகிறது, அதைப் பொய்யாக்கத்தான் வேறொன்று வேண்டும், அது பின்னர் எழும் முரணான அறிவாகவோ, அறிவைத் தந்த கருவியில் குற்றம் புலப்படுவதாகவோ இருக்கலாம். நியாய நெறியினரான நையாயிகர், மெய்ம்மையும் வேறொன்றாலேயே அறியப்படும் என்றனர்: தொலைவில் தெரிந்த நீர் கானல் அன்று என்பது, சென்று பருகித் தாகம் தணிந்த பின்பே உறுதியாகும். காத்திருக்கும் முகப்பு நையாயிகர் வழியிலும், முந்திக் காட்டும் முகப்பு மீமாம்சகர் வழியிலும் நிற்கின்றன; அவ்விரு பள்ளிகளும் சந்தித்த இடர்களும் முகப்புகளுக்கு அப்படியே வந்து சேர்ந்துள்ளன.

மீமாம்சகர் நையாயிகர்மீது சாற்றிய முதன்மையான குற்றம் அநவஸ்தை, அதாவது ஓர் அறிவை உறுதிப்படுத்த இரண்டாவதும், இரண்டாவதை உறுதிப்படுத்த மூன்றாவதும் வேண்டப்பட்டு எங்கும் நில்லாமல் போவது. கணினியியலில் இதே இடர், 1978இல் ஜிம் கிரே இட்ட பெயரால் 'இரு தளபதிகள்' புதிர் என வழங்குகிறது: வழியில் பிடிபடக்கூடிய தூதர்களைக் கொண்டு ஒரே நேரத்தில் தாக்க உடன்பட விரும்பும் இரு தளபதிகளில், கடைசித் தூதை விடுத்தவர் அது சேர்ந்ததா என்று அறிய இன்னொரு தூது வேண்டியிருப்பதால், எத்தனை தூது சென்றாலும் ஐயமற்ற உடன்பாடு வாய்க்காது என்பது நிறுவப்பட்ட முடிவு. மறுமொழி வராதபோது முகப்பின் நிலையும் இதுவே. கோரிக்கை சேரவே இல்லையா, அல்லது செயல் முடிந்து மறுமொழி மட்டும் தொலைந்ததா என்று அறிய அதற்கு வழியில்லை. பொறியாளர்கள் இந்த ஐயத்தை அப்படியே விட்டுவைத்து, அதனால் தீங்கு நேராதபடி பார்த்துக்கொண்டனர்: ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனி அடையாள எண்ணை அனுப்பி, அதே எண் மீண்டும் வந்தால் செயலைத் திரும்பச் செய்யாமல் முதல் விடையையே சேவையகம் தருமாறு அமைத்தால், கேள்வி பலமுறை போனாலும் கணக்கிலிருந்து பணம் ஒருமுறையே கழியும். மீண்டும் கேட்பதற்கும் ஓர் எல்லை வைப்பர்; மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் தேட வேண்டியதில்லை என்று குமாரிலரும் கருதியது இங்கு நினைக்கத்தக்கது.

சேவையகத்தின் சொல்லை இறுதி அளவையாகக் கொள்வோர், அச்சொல்லும் பிறரிடம் கேட்டுச் சொல்வதே என்பதை மறந்துவிடுகின்றனர். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம், மாற்றத்தை முதலில் ஒரு முன்பதிவேட்டில் எழுதி, பிறகு தரவுக் கோப்புகளிலும் சேர்த்து, அவை வட்டில் பதிந்தன என்று இயக்க முறைமை உறுதி கூறிய பின்பே பழைய பதிவை விட்டுவிடும். கோப்புகளைப் பற்றிய அந்த உறுதி நம்பத்தக்கதன்று என்பது 2018இல் தெரியவந்தது: லினக்ஸில் எழுதுதல் ஒருமுறை தவறிப் பிழை அறிவிக்கப்பட்ட பின் மறுபடி கேட்டால், எழுதப்படாத தரவுக்கும் 'சரி' என்ற விடை வரக்கூடும். கருவியிலேயே குற்றம் இருப்பது என மீமாம்சகர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. மறுபடி கேட்பதைக் கைவிட்டு, முதல் பிழையிலேயே சேவையகத்தை நிறுத்தி, முன்பதிவேட்டிலிருந்து மீட்டெடுக்கும்படி போஸ்ட்கிரெஸை உருவாக்குவோர் அதை மாற்றினர்.

முந்திக் காட்டுவதைப் பொய் என்றே ஒதுக்குவது மிகையான கண்டிப்பு. ஆயினும் மீமாம்சகரின் கொள்கை, மறுப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளும் கடப்பாட்டோடு சேர்ந்தே வந்தது. சேவையகம் நிராகரித்த திருத்தத்தை அறிவிக்காமலே அழித்துவிடும் முகப்பு அக்கொள்கையில் தனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பணம் செலுத்துதல், இருக்கை முன்பதிவு போன்றவற்றில் காத்திருப்பதே முறை, ஏனெனில் திரையை நம்பிப் பயனர் எழுந்து சென்ற பின் வரும் மறுப்பைக் கேட்க அங்கு எவரும் இல்லை.

இருவர் இணைப்பின்றி ஒரே பத்தியைத் திருத்தும்போது எழும் சிக்கல் வேறு வகையினது; இரு திருத்தங்களும் மெய், ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. 2011இல் மார்க் ஷாப்பிரோவும் உடனாய்வாளர்களும் முறைப்படுத்திய, முரணின்றித் தாமே ஒன்றிணையும் தரவு வகைகள் இரு நகல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அங்கு கிடைக்கும் வாக்கியம் இருவரில் எவரும் எழுதாததாகவும் இருக்கக்கூடும். சொல்லளவைக்கு நம்பத்தக்க ஒருவர் வேண்டும் என்ற நையாயிகர் அதை ஏற்கார். ஆசிரியர் இன்மையையே வேதத்தின் குற்றமின்மைக்குக் காரணமாகக் காட்டிய மீமாம்சகரும் இதைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ளத் தயங்குவர்.