உறங்காதவன் குற்றவாளியா?

நெஞ்சில் களங்கமில்லாதவன் படுத்தவுடன் உறங்குவான். உறக்கம் வாராதவனோ ஏதோ ஒன்றை மறைத்து வைத்திருக்கிறான். இத்தகைய தீர்ப்பை நம் மக்கள் வெகு எளிதாக வழங்கிவிடுகின்றனர். ஆகலின், இரவெல்லாம் கண்விழித்துக் கிடப்போர், உறக்கமின்மை என்னும் துன்பத்தோடு அவப்பெயர் என்னும் மற்றொரு துன்பத்தையும் சுமக்க நேரிடுகிறது. "யாருக்கு நான் என்ன தீங்கு செய்தேன்?" என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வோர் பலர். அன்பர்களே, இவ்வினா நியாயமான வினாதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

இத்தீர்ப்புக்குச் சான்றாக நம்மவர் சிலர் பகவன் புத்தரையே காட்டுவர். அங்குத்தர நிகாயத்தில் வரும் வரலாறு அது. ஆளவி என்னும் ஊருக்கு அருகில், மாடுகள் செல்லும் தடத்தையொட்டிய காட்டில், இலைகளைப் பரப்பி அதன்மீது பகவன் தங்கியிருந்தார். அத்தகன் என்னும் இளவரசன் அவரைக் கண்டு, இரவு நன்கு உறங்கினீரா என வினவினான். குளிரோ கடும்பனிக் காலத்துக் குளிர், நிலமோ மாட்டுக் குளம்புகளால் மேடுபள்ளமான நிலம், இலைப்படுக்கையோ மெல்லியது. ஆயினும் தாம் நன்கு உறங்கியதாகவும், உலகில் இனிது உறங்குவோருள் தாமும் ஒருவர் என்றும் பகவன் விடையளித்தார். பின்னர் அவனை ஒரு வினா கேட்டார். காற்றுப் புகாத மாளிகையும், மெத்தையும் கம்பளமும், எரியும் விளக்கும், பணிவிடை செய்ய மனைவியரும் உடைய ஒரு செல்வனின் நெஞ்சில் ஆசையினாலோ வெறுப்பினாலோ மயக்கத்தினாலோ எழும் வெப்பம் கொதித்தால், அவன் இனிது உறங்குவானா? மாட்டான் என்றான் இளவரசன். அவ்வெப்பத்தைத் தாம் வேரோடு களைந்துவிட்டதாகப் பகவன் கூறினார்.

இதிலிருந்து, உறங்காதவனெல்லாம் தீயவன் என்று முடிவு கட்டுதல் தவறு. மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருப்பதால் மழைதான் பெய்தது என்று துணியலாமா? யாரோ குடத்தைக் கவிழ்த்திருக்கலாமன்றோ? உறக்கத்தைக் கெடுக்கும் காரணங்களுள் நெஞ்சின் கொதிப்பும் ஒன்று என்பதே பகவன் காட்டியது. அஃதொன்றே காரணம் என்று அவர் யாண்டும் கூறவில்லை. அனாதபிண்டிகர், பகவனை முதன்முதலாகக் காணச் செல்லும் முன்னிரவில், விடிந்துவிட்டதென்று எண்ணி மும்முறை விழித்தெழுந்தார் என வினயபிடகம் கூறும். அவர் உறக்கத்தைக் கெடுத்தது குற்றவுணர்வா? மகிழ்ச்சியன்றோ! மறுபுறம், வட்டிக்கு விட்டு ஏழையின் தாலியை ஏலத்தில் எடுத்தவன் குறட்டை விட்டு உறங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். அக்குறட்டையை நல்லொழுக்கத்தின் நற்சான்றாக யாரும் ஏற்கமாட்டார்.

இனி உடலின் பக்கம் திரும்புவோம். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது மிகுந்தபோது உறக்கம் அழுத்துகிறது. இதனோடு, இரவையும் பகலையும் அறிந்து நடக்கும் கடிகாரமொன்று உடலுக்குள் உண்டு. அக்கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டறிந்த அறிஞர் மூவருக்கு 2017ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இவ்விரண்டும் ஒத்துழைத்தால் உறக்கம் வரும்; ஒன்றோடொன்று முரணினால், அறவோனுக்கும் வாராது.

இம்முரண்பாட்டை ஆலைத் தொழிலாளி நன்கறிவான். நான் நூற்பாலையில் ரிங் ஃபிரேம் பிரிவில் வேலை செய்த காலத்தில் வாரத்துக்கொரு ஷிப்ட் மாறும். இரவெல்லாம் இயந்திர இரைச்சலில் நின்றுவிட்டு, கண்ணில் பஞ்சுத் தூசியோடு வீடு திரும்பினால், லைன் வீடுகளில் அப்பொழுதுதான் பொழுது தொடங்கியிருக்கும். குழாயடியில் குடங்கள் மோதும். அடுத்த வீட்டு வானொலி பாடும். வெயில் தகரக் கூரையில் ஏறும். அக்கூரையின் கீழ் உறக்கம் வாராமற் புரளும் தொழிலாளி என்ன பாவம் செய்தான்? இரவு வேலை, புற்றுநோய்க்குக் காரணமாதல் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007இலும் மீண்டும் 2019இலும் மதிப்பிட்டது. இரவுத் தொழிலாளியின் நாள் வேறு என்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இயற்றியோரும் உணர்ந்திருந்தனர். நள்ளிரவைக் கடக்கும் ஷிப்டில் வேலை செய்வோனுக்கு, அந்த ஷிப்ட் முடிந்த நேரம் முதல் 24 மணியைக் கணக்கிட்டே வார விடுமுறை தரப்பட வேண்டும் என அதில் விதித்தனர்.

ஆகவே, ஒழுக்க விசாரணை நடத்த வேண்டுமாயின், உறக்கம் இழந்தவனிடம் அல்ல, உறக்கத்தைக் கெடுத்தவனிடமே நடத்துதல் தகும். பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலம், கொடாததை எடாதிருத்தல். உறக்கம் என்ன பொருளா, அதைத் திருடுவதற்கு என்று சிலர் நகைக்கலாம். கையில் பிடிக்க முடியாததாயினும், ஒருவனுடைய மறுநாளைய கூலி, பொறுமை, உடல்நலம் ஆகிய யாவும் அதைச் சார்ந்தே நிற்கின்றன. அதனை அவன் இசைவின்றிப் பறித்தல் களவினும் வேறாகுமா? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்தன; குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவில் 45 டெசிபல் என்னும் எல்லையை வகுத்தன. 2012இல் உச்ச நீதிமன்றம், ராம்லீலா மைதான வழக்கில், உறக்கத்தையும் வாழ்வுரிமையின் ஒரு கூறாகக் கொண்டு பேசியது. இவையெல்லாம் ஏட்டில் உள்ளன. நம் வைசாக விழாக் குழுவினரும் நள்ளிரவில் ஒலிபெருக்கியின் திருகாணியைத் திருப்பும்போது, அடுத்த தெருவில் அதிகாலை ஷிப்டுக்கு எழ வேண்டியவர்களை நினைத்துப் பார்ப்பாராக. பக்திப் பாடலாயினும் களவு களவே.

நெஞ்சிலும் ஒரு காரணம் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் பழைய பாவமன்று. உறங்கியே ஆக வேண்டும் என்னும் வேட்கையே அது. அம்பு பட்டவன், அதனால் மனம் நொந்து இரண்டாவது அம்பையும் ஏற்கிறான் என்று பகவன் உவமித்தார். உறக்கம் வாராமை முதல் அம்பு. "மணி இரண்டாயிற்றே, நாளை என்ன ஆவேன்" என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பதறுதல் இரண்டாவது. முதல் அம்பினும் இதுவே அதிக நேரம் விழித்திருக்கச் செய்கிறது.

இதற்கு வழியென்ன? உறக்கம் வாராவிடில் படுக்கையில் கிடந்து போராடாது எழுந்துவிடுதல் வேண்டும். வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமைதியாய் அமர்ந்திருந்து, கண் சொருகும்போது மட்டும் மீண்டும் படுத்தல் வேண்டும். எவ்வளவு குறைவாக உறங்கினும் காலையில் குறித்த நேரத்தில் எழுதல் வேண்டும். 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்னும் அமெரிக்க உளவியலார் வகுத்த முறை இது. இதனை உள்ளடக்கிய பயிற்சியையே மாத்திரைக்கு முன்னர் அளிக்க வேண்டுமென 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. அமர்ந்திருக்கும் அவ்வேளையில் மைத்திரி பாவனை செய்யலாம். இனிதுறங்கி இனிதெழுதல் அதன் பயன்களுள் முதலாவதாக எண்ணப்படுகிறது. எனினும் அதனைத் தூக்க மாத்திரையாக எண்ணி, "இன்னும் வரவில்லையே" என்று இடையிடையே சோதித்துப் பார்ப்போமாயின், அதுவும் இரண்டாவது அம்பே ஆகும்.

மாலைக் காப்பியைக் குறைத்தல் நன்று. 6 மணிக்குக் குடித்ததன் வீரியத்தில் பாதி, பலருக்கு இரவு 11 மணியளவிலும் உடலில் நிற்கும். கள்ளும் சாராயமும் உறக்கம் தரும் என்பது ஆலை வாயிலில் நெடுங்காலமாக வழங்கும் பொய். அவை விரைவில் உறங்கச் செய்து, பின்னிரவில் விழிக்கச் செய்யும். ஐந்தாம் சீலத்தை மறந்தவர் இதற்காகவேனும் நினைவு கொள்க. பலத்த குறட்டையும் இடையில் மூச்சுத் திணறலும் உடையோரும், மாதக்கணக்கில் உறக்கமின்றி வாழ்வில் வெறுப்புற்றோரும், போதகரிடம் வருமுன் மருத்துவரிடம் செல்வாராக.

இரவு வேலை செய்வோர் உள்ள வீட்டாருக்கு ஒரு சொல். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். பிள்ளைகளை நண்பகல் வரையில் வெளியே விளையாட விடுங்கள். உறவினர் வந்து, "பகலிலே என்ன தூக்கம்?" என்று கேட்டால், அவர் இரவெல்லாம் உழைத்து வந்தவர் என்று வாயிலிலேயே கூறி, தாழ்ந்த குரலில் உள்ளே அழையுங்கள்.