கூலியில்லா நடை

வேலைக்கும் போகவில்லை, கடைத்தெருவுக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. ஓய்வுநாளின் காலையில் ஒருவன் மலையடிவாரத்தில் இரண்டு மைல் தூரம் வெறுமனே நடந்துவிட்டு வீடு திரும்புகிறான். அவன் செய்தது யாது? பொழுதைப் பாழாக்கினானா? அன்றித் தனக்குரிய ஒன்றை அனுபவித்தானா? இக்கேள்வி அற்பமானதென்று வாசகர்கள் எண்ணலாம். தலைமுறை தலைமுறையாகப் பிறர் குறித்த வழியிலேயே கால் பதித்து வந்த நம்மவர்க்கு இஃது அற்பமான கேள்வியன்று என்பதே நமது அபிப்பிராயம்.

கெடாவில் ஜெராய் மலையைப் பாராத கண் ஏது? 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை, கடலையடுத்த சமவெளியில் துணையின்றித் தனியே எழுந்து நிற்கின்றது. வங்கக் கடலைக் கடந்து வந்த பண்டைய மாலுமிகளுக்குக் கரை அண்மியது என்று காட்டிய அடையாளம் அதுவே. கோலா கெடாப் படகுத்துறையிலிருந்து தெற்கே நோக்கினாலும், வயல்வெளிகளுக்கப்பால் அது நீலமாய்த் தெரியும். அதன் கிழக்கே குரூண், மேற்கே யான், தெற்கே மெர்போக். எல்லாம் சிற்றூர்களே, ஒரு கடைத்தெருவைக் கடந்தால் ஊர் முடிந்துவிடும். குரூணிலிருந்து மலைமேல் வளைந்து வளைந்து ஏறும் தார் ரஸ்தா இருக்கின்றது. யான் பக்கம் தீத்தி ஹாயுன் அருவியும், மெர்போக் பக்கம் தூப்பா அருவியும் உண்டு. மெர்போக்கிலேயே பூஜாங் பள்ளத்தாக்குப் பொருட்காட்சிசாலையை ஒட்டி, ஓடைக்கரை மேட்டில், பழைய கற்கோயிலின் அடித்தளம் இருக்கின்றது. கயிறு கட்டி ஏறவேண்டிய செங்குத்தான பாறைகளைப் பற்றி நாம் பேசவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போகக்கூடிய இத்தகைய வழிகளைப் பற்றியே பேசுகிறோம்.

இவ்வழிகளுக்கு வெகு அருகிலேயே, குரூண், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்து ரப்பர்க் காடுகளில், நம் முன்னோர் வாழ்நாள் முழுதும் நடந்தார்கள். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, நிரை பிடித்து, முந்நூறு நானூறு மரங்களை வெட்டுவதற்காக ஒருமுறையும், பால் எடுப்பதற்காக மறுமுறையும் சுற்றி வந்து, பிறகு வாளிகளைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர்கள் அவர்கள். நடையில் அவர்களை வெல்ல யாரால் இயலும்? ஆனால் அந்நடையில் ஓர் அடியாவது அவர்கள் விரும்பிய திசையில் விழுந்ததுண்டா? ஒப்பந்தக் கூலிமுறை நிலவிய காலத்தில், அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவதே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அம்முறையில் ஆள் சேர்ப்பது 1910-இல் நின்றது. எனினும், எல்லைக்குள் அடங்கிக் கிடக்கும் பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து மாய்ந்துவிடவில்லை. மலை துரை பங்களாவின் முற்றத்திலிருந்து பார்ப்பதற்கென்று ஏற்பட்டது. லயத்துப் பிள்ளைக்கு அது மழை வரும் திசை, அவ்வளவே.

இதனினும் கொடிய நடை ஒன்றும் இருந்தது. ஜெராய் மலையின் கீழே குரூண் வழியாக வடக்கே ஓடும் ரயில்பாதையில்தான், ஜப்பானியர் ஆட்சியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடிக்கப்பட்ட தமிழர் ஆயிரமாயிரவர் சயாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். பான் போங்கில் இறக்கப்பட்டு, அங்கிருந்து காட்டு வழியே கால்நடையாக ஓட்டப்பட்டனர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதைக்குத் தம் எலும்புகளை உரமாக்கியவர் எத்தனை பேரென்று சரியான கணக்குச் சொல்வார் இல்லை. அவர்களும் மலையைப் பார்த்துக்கொண்டேதான் போயிருப்பார்கள்.

ஆகவே, தோட்டத்தில் வாழ்ந்து தேய்ந்த ஒரு பெரியவர், "நடையா? நடந்த நடை போதும், தம்பி! ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்க விடு" என்று சொல்வாரேயானால், அவரை மறுத்துப் பேச நமக்கு வாயில்லை. ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் பாயில் கிடந்தால் அவனைச் சோம்பேறியென்று பழிப்பவன் மூடன். நாம் சொல்ல வருவது வேறு. ஓய்வு என்பது அயர்ந்து கிடத்தல் மட்டுந்தானா? அக்காலத்தில் நம்மவரின் மாலைப் பொழுதுக்கென்று தோட்ட நிர்வாகங்கள் மனமுவந்து அளித்த வசதி யாது? கள்ளுக்கடை! 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் கிளம்பிய தொண்டர் படையினர் அக்கடைகளை எதிர்த்து நின்றதும், அதற்காக அடியுதை பட்டதும் நாடறிந்த செய்தி. கள்ளை விலக்கு என்று சொன்னார்கள், நன்று. விலக்கியபின் வெறுமையாய் நிற்கும் அந்த மாலையையும் ஞாயிற்றுக்கிழமையையும் எதனால் நிரப்புவது என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் நிற்கின்றது. கள்ளுக்குப் பதில் பீரும் கைப்பேசியும் வந்துவிட்டன என்பதே வேற்றுமை.

உழைப்பாளிக்கு மலையும் வெளியும் எதற்கு என்று கேட்டவர்கள் நம் நாட்டில் மாத்திரம் இருந்தார்களல்லர். இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர்க்கு அண்மையிலிருந்த மலைவெளிகள் பிரபுக்களின் வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24-ஆம் நாள், ஆலையிலும் பட்டறையிலும் வேலை செய்யும் இளைஞர் சில நூறு பேர், கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினார்கள். காவற்காரரோடு கைகலப்பு நேர்ந்தது. ஐவர் சிறை சென்றனர். வெறுமனே நடப்பதற்காகச் சிறை! பதினேழு ஆண்டுகள் கழித்து, 1949-இல், தேசியப் பூங்காக்களுக்கும் பொது நடைபாதைகளுக்குமான சட்டத்தை அந்நாட்டுப் பார்லிமெண்டே இயற்றியது. கூலி உயர்வு கேட்கும் அதே வாயால் அத்தொழிலாளர் மலையையும் கேட்டனர். நம் சங்கங்கள் கூலியைக் கேட்டன, வீட்டைக் கேட்டன, பள்ளிக்கூடத்தைக் கேட்டன. மலையைக் கேட்டதாகத் தெரியவில்லை. வயிறு நிறையாத காலத்தில் அதைக் குறையென்று சொல்லவும் முடியாது.

நம்மவரும் மலை ஏறுகிறார்களே, காவடி எடுத்துக் கல்லிலும் முள்ளிலும் நடக்கிறார்களே என்று ஒருவர் எடுத்துக்காட்டலாம். வாஸ்தவம். ஆனால் நேர்த்திக்கடனும் ஒருவகைக் கூலி நடையே. பிள்ளை பிழைத்ததற்கு இத்தனை படி, வழக்கு வென்றதற்கு இத்தனை படி என்று பேசி முடித்த கணக்கு அது. இப்போது வைத்தியரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். இனிப்பு நீர் குறைய நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் அடி. இரண்டையும் நாம் இகழவில்லை. நோய் தணிந்தால் நல்லதே. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு காரணச் சீட்டுக் காட்டவேண்டும் என்று நம் மனம் நம்மையே கேட்கிறதே, அந்தக் கிராணி நம்முள் எங்கிருந்து புகுந்தான்? பணக்காரன் கடற்கரையில் உலாவினால் அது உல்லாசம். பால் வெட்டுகிறவன் ஓடைக்கரையில் உலாவினால் அது வேலையற்ற வேலை. இவ்வேற்றுமையைப் பிறர் கற்பித்தார்கள். இன்று அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாமே.

எளிய வழியை இகழ்வோர் ஒரு சாரார் இப்போது தோன்றியிருக்கின்றனர். உச்சி தொட்டவனே ஏறினவன், தார் ரஸ்தாவில் நடந்தவன் நடந்தவனேயல்லன் என்பது அவர்கள் சித்தாந்தம். உயரத்தை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அதன் விளைவையும் நாம் அறிவோம். முழங்கால் வலிக்கும் கிழவியும், ஐந்து வயதுப் பிள்ளையும், சேலை உடுத்த தாயும் ஒருங்கே போகக்கூடிய வழியே பொதுவழி எனத்தக்கது. இரண்டாம் வளைவில் அமர்ந்து இளைப்பாறித் திரும்பியவளும் மலைக்குப் போனவளே.

மெர்போக்கிலுள்ள கற்கோயிலைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அம்மேட்டுக்குப் புக்கிட் பத்து பஹாட் என்று பெயர். மலாய் மொழியில் உளியாற் செதுக்கிய கல்லின் குன்று என்று பொருள். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்பவரும் அவர் மனைவியாரும் அவ்வட்டாரத்தை அகழ்ந்தனர். பின்னர் அலஸ்டேர் லாம்ப் என்பவர் அக்கோயிலின் அடித்தளத்தைச் சீர்ப்படுத்தி அமைத்தார். அங்கே சென்று நிற்கும் நம்மவர் பலர், "கடாரம் கொண்டான் கட்டியது!" என்று மார்தட்டுவதைக் கேட்கலாம். இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டையொட்டிப் படையெடுத்த கடாரம் கெடாவே என்பது அறிஞர் பலரின் முடிபு. அதை நாம் மறுக்கவில்லை. படையெடுத்ததால் கட்டியதும் அவனே என்று எவ்வாறு பெறப்படும்? அன்றியும், கொண்டவன் பெயர் கல்வெட்டில் நிற்கின்றது. கருங்கல்லைச் சுமந்தவன் பெயர் எங்கேயும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலின் திறந்த தளத்தில் சுருண்டு வந்த நம் பாட்டனுக்கு உறவு அரசனா, கல் சுமந்தவனா? ஆற அமர நடந்து போனால் இவ்வினா தானே எழும். மோட்டாரில் வந்து படம் பிடித்துத் திரும்புவோர்க்கு மார்தட்ட மட்டுமே நேரமிருக்கும்.

2013-இல் இப்பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில், நிலத்தைச் சீர்திருத்துவதற்காக வந்த இயந்திரம் பழஞ்சின்னம் ஒன்றை இடித்துத் தள்ளியது. இடித்து முடித்தபிறகே செய்தி நாட்டுக்குத் தெரிந்தது. பத்திரிகைகளில் கண்டனம் எழுதினோம். ஆனால் அவ்வழியே ஞாயிறுதோறும் நடந்துபோகிற நூறு குடும்பங்கள் நமக்குள் இருந்திருந்தால், முதல் கல் பெயரும்போதே யாராவது கூவியிருப்பார்கள் அல்லவா?

மலை அன்பானது என்று நாம் கதைவிடவில்லை. 2021 ஆகஸ்ட் 18-ஆம் நாள் ஜெராயின் மேலே பெய்த பெருமழையால், மலாய்க்காரர் "கெப்பாலா ஆயர்" என்னும் திடீர் வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு யான், மெர்போக் பக்கங்களில் இறங்கிற்று, உயிர்கள் மாண்டன. வழி எளிதாயிருப்பதால் நீரும் எளிதென்று கருதலாகாது. உச்சியில் மேகம் கறுத்தாலும், தெளிந்த ஓடை கலங்கினாலும், சோற்று மூட்டையை விட்டுவிட்டேனும் கரையேற வேண்டும். அவ்வூர் மலாய்க் கிழவர் ஒருவர் "இன்று வேண்டாம்" என்று சொன்னால், அவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை.

இனிப் பெண்கள் விஷயம். நம் தாய்மார்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்புக்கும் பன்றிக்கும் அஞ்சாமல் இருட்டு நிரைகளில் தனித்தே மரம் வெட்டினார்கள். அப்போது எந்தத் தகப்பனும் எந்த அண்ணனும் "பெண்பிள்ளை காட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டதில்லை, கூலி வந்தது. அவர்களுடைய பேத்திகள் இன்று சுங்கை பட்டாணியில் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். நான்கு தோழிகள் சேர்ந்து ஞாயிறு காலை தூப்பாவுக்குப் போய்வருகிறோம் என்றால் மட்டும், மானம், மரியாதை, ஊர்ப்பேச்சு எல்லாம் ஒன்றாய்த் திரண்டு வாசலை மறிக்கின்றன. கூலிக்குப் போன காட்டுக்குக் கூலியின்றிப் போனால் எந்த மானம் கெடும்? இதற்கு விடை சொல்லும் ஆண்மகன், போகச் சம்மதித்தேன் என்ற பெருமையோடு நின்றுவிடாமல், அன்று வீட்டில் உலை வைப்பவர் யார், துணி துவைப்பவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.