வராதவன் பங்கு

1943 மே 16, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் உள்ள ஸ்காம்ப்டன் விமானத்தளத்தில் அன்று மாலை விமானிகளுக்குப் பன்றி இறைச்சியும் முட்டையும் பரிமாறினார்கள். நிலா வெளிச்சத்தில் ஜெர்மனிக்குப் பறந்துபோய் அங்குள்ள அணைகளை உடைக்க வேண்டியவர்கள் அவர்கள். சாப்பாட்டு நேரத்தில் படைத்தலைவர் கய் கிப்சனிடம் ஹென்றி மெல்வின் யங் ஒன்று கேட்டார்: நீங்கள் திரும்பி வராவிட்டால் உங்களுக்கான அடுத்த முட்டையை நான் எடுத்துக்கொள்ளலாமா?

கிப்சன் திரும்பி வந்தார். யங் வரவில்லை.

அந்த இரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 19 லங்காஸ்டர் விமானங்கள், விமானத்துக்கு ஏழு பேராக 133 பேர். நீர்மட்டத்துக்கு 60 அடி உயரத்தில் பறந்து, தண்ணீரின் மேல் தாவித் தாவிப் போகும் குண்டைப் போட வேண்டும். மோனே அணையும் எடர் அணையும் உடைந்தன. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், மூவர் பிடிபட்டார்கள். யங் போட்ட குண்டு மோனே அணையில் சரியாகப் பட்டது. வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது, நெதர்லாந்துக் கடற்கரையைத் தாண்டும் நேரத்தில் கீழிருந்து சுட்டார்கள். விமானம் கடலில் விழுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். யங்குக்கு 27 வயது. அவரை எல்லோரும் ‘டிங்கி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு முன் இரண்டு முறை விமானம் கடலில் இறங்கி, ரப்பர்ப் படகில் மிதந்து பிழைத்தவர் என்பதால் வந்த பெயர்.

அணையைவிட, குண்டைவிட, எனக்கு அந்த முட்டைதான் ஓயாமல் நினைவுக்கு வருகிறது.

போர்க்கால பிரிட்டனில் ரேஷனில் ஆளுக்கு வாரம் ஒரு முட்டை. அதுவும் கடைக்கு வந்தால்தான் உண்டு. மற்றபடி அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைப் பொடியைக் கரைத்துச் சமாளித்தார்கள். குண்டுவீச்சு விமானத்தில் போகிறவர்களுக்கு மட்டும் கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும் உண்மையான முட்டை கிடைத்தது. விடியற்காலையில் தட்டில் முட்டை வந்தால், நீ உயிரோடு வந்துவிட்டாய் என்று பொருள். யங் கேட்டது அந்த முட்டையை.

அது அவர் கண்டுபிடித்த வேடிக்கை அல்ல. எல்லாரும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. ஒரு சுற்று முடிந்து ஓய்வு கிடைக்க 30 முறை போய்வர வேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. காலையில் காலியாகக் கிடந்த நாற்காலிகளே போதும். வராதவனின் பெட்டியையும் துணிகளையும் கடிதங்களையும் பட்டியல் போட்டு எடுத்து வைத்து வீட்டுக்கு அனுப்பத் தனியே ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பட்டியலில் சேராத ஒரே சொத்து முட்டை. நண்பன் நேரடியாக உரிமை கொண்டாடக்கூடியது அது ஒன்றுதான்.

இந்த உரையாடல் வரும் தன் நூலை கிப்சன் 1944இல் எழுதினார். யங் இறந்தது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் அதை வழக்கமான பழைய நகைச்சுவையாக மட்டுமே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஏன் அதை எழுதினார்? எழுதியவர் ஏன் அங்கே ஒரு பெருமூச்சுகூட விடவில்லை? அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று அவரும் நெதர்லாந்தில் விமானம் விழுந்து இறந்தார். 26 வயது. நூல் 1946இல் வெளிவந்தபோது கேட்டவரும் இல்லை, கேட்கப்பட்டவரும் இல்லை.

நான் வளர்ந்தது நாமக்கல் பக்கம். ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள் இருந்தும் எங்கள் வீட்டில் முட்டை எண்ணித்தான் வேகும். அப்பா லாரி டிரைவர். பம்பாய் லோடு, கல்கத்தா லோடு என்று போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. வரக்கூடும் என்று நினைக்கிற நாளில் அம்மா முட்டைகளை வேகவைத்து, எங்களுக்கு நூலால் பாதி பாதியாக அறுத்துக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு முழு முட்டையைக் கிண்ணத்தில் போட்டு மூடி வைப்பாள். ஒரு ராத்திரி வெகுநேரம் ஆகியும் லாரி வரவில்லை. தம்பிக்கு அப்போது ஐந்தாறு வயது இருக்கும். “அப்பா வரலீன்னா அந்த முட்டை எனக்குத்தான?” என்றான். அப்பத்தா அவன் வாயிலேயே ஒன்று போட்டாள். “என்ன பேச்சுடா இது, வெளக்கு வெச்ச நேரத்துல!” அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அப்பா விடிவதற்குள் வந்துவிட்டார். அப்பத்தா புகார் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் கைகால் கழுவிக்கொண்டிருந்த கிளீனர் அண்ணனையும் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரித்தார். அம்மா மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை.

ஒரே கேள்வி. வீட்டில் இருந்தவர்களுக்கு அது அபசகுனம், வண்டியில் போய்வந்தவர்களுக்கு வேடிக்கை. சாவின் பக்கத்தில் போகிறவனுக்கு அதைத் தொட்டு விளையாடும் உரிமை உண்டு, காத்திருப்பவர்களுக்கு அந்த உரிமை கிடையாது என்று ஒரு காலம் இதற்கு விடை வைத்திருந்தேன். அது முழு விடை அல்ல என்று பிறகு தோன்றியது. ஒரே விமானத்தில் போகும் ஏழு பேருக்குள் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இடமில்லை. வந்தால் ஏழு பேரும் வருவார்கள், விழுந்தால் பலசமயம் ஏழு பேரும் போவார்கள். வேறு வேறு விமானத்தில் ஏறப் போகிறவர்களுக்கு இடையில்தான் ஒருவன் வந்து மற்றவன் வராமல் போவது நடக்கும். யங் ஒரு விமானத்தில், கிப்சன் வேறொரு விமானத்தில். அப்படியானால் அந்தக் கேள்வியில் ஒரு பிரிவும் இருந்திருக்கிறது.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் யட்சன் தர்மனைக் கேள்வி மேல் கேள்வி கேட்கும் இடத்தை எப்போதோ சிறுவயதில் படித்தது. உலகில் எது பெரிய வியப்பு என்று யட்சன் கேட்பான். நாள்தோறும் பிறர் சாவதைப் பார்த்தும், மிச்சமிருப்பவர்கள் தாம் மட்டும் நிலைத்திருப்போம் என்று எண்ணுவதுதான் என்பான் தர்மன். விமானிகளின் முட்டைக் கேள்வி இதற்கு நேர் எதிரானது, சாவை மறைக்காமல் வாய்விட்டுச் சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், யங் தன்னை நாளைக் காலை மேசையில் உட்காரவைத்துக்கொண்டுதான் அதைக் கேட்கிறார். வராமல் போவது எதிரில் இருப்பவர்தான். தர்மன் சொன்னது மாறவில்லை. இவ்வளவு தெளிவாகச் சாவைப் பேசும்போதும் மனம் தனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்கிறது. நான் வராவிட்டால் என் முட்டையை நீ எடுத்துக்கொள் என்று அவர் சொல்லியிருந்தால் அது உயில் ஆகியிருக்கும். கேட்டவர்கள் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். கேட்பது சுலபம், கொடுப்பது பாரம். அதனால்தானோ என்னவோ எல்லாரும் கேட்டார்கள்.

இதுவரை யோசித்தபோதெல்லாம் நான் மேலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். மோனே அணைக்குக் கீழே நெஹைம் என்ற ஊர். கட்டாய உழைப்புக்காகக் கிழக்கிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்கள் அங்கே ஒரு முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அணை உடைந்து வந்த வெள்ளத்தில் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அன்றிரவு தரையில் இறந்தவர்கள் மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஜெர்மனி அடிமைகளாக இழுத்துவந்தவர்களையே அந்தத் தண்ணீர் அதிகம் கொன்றது. அவர்களுக்கும் மறுநாள் ரொட்டி, சூப்பு என்று ஏதோ ஒரு பங்கு இருந்திருக்கும். அதை யாரும் விளையாட்டாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களையும் சேர்த்தே வெள்ளம் கொண்டுபோனது.

இதை நினைத்த பிறகு யங்கின் கேள்வியை முன்போல ரசிக்க முடியவில்லை. அதற்காக அவரை வெறுக்கவும் முடியவில்லை. அவர் போரைத் தொடங்கியவர் அல்ல. நாஜிகளை யாராவது நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. அந்த மாலையில் பக்கத்தில் இருந்த நண்பரின் பயத்தைக் கொஞ்சம் குறைக்க அவர் நினைத்திருக்கலாம். அல்லது அது பழக்கத்தில் வாயில் வந்ததாகவே இருக்கலாம். சில நாள் அது பாசம் என்று உறுதியாகத் தோன்றுகிறது. சில நாள், தான் செய்யப்போவதை யோசிக்காமல் இருக்க மனிதன் பிடித்துக்கொள்ளும் ஏதோ ஒன்று என்று தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்க முடியுமா, அப்படி இருந்தால் அந்தப் பாசத்தை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.