யாருக்குத் தண்ணீரில் கண்டம்?

மைசூரு தசராவில் ஆயுத பூஜையன்று அரண்மனைப் பட்டத்துக் கத்தியிலிருந்து தெருமுனை ஆட்டோ வரை எல்லாவற்றுக்கும் பூசை நடக்கும். அதே மாவட்டத்தில், கபினி நீர்த்தேக்கத்தில் பயணிகளை ஏற்றும் பழைய மோட்டார் படகுக்காரர் ஒருவர், இந்த வருடம் பெரிய மோட்டாராக மாட்டிவிடலாமா என்று யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். குங்குமம் வைப்பார், எலுமிச்சம்பழம் நசுக்குவார். புது மோட்டார் பழையதைவிட எத்தனை கிலோ கூடுதல் என்று நிறுத்துப் பார்ப்பாரா?

அந்தப் பாரம் முழுவதும் அமரத்தில் ஏறுகிறது. பின்பக்கம் அமிழும், தண்ணீருக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி குறையும். வருடக்கணக்கில் ஈரம் குடித்த பின்பலகை, இதுவரை தாங்கியறியாத விசையைத் தாங்க வேண்டும். இத்தனைக்கும் கிடைப்பது என்ன? நீரை விலக்கிக்கொண்டு போகும் வகைப் படகில் வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்குத் திறனாவது வேண்டும். இரண்டு மடங்கு மோட்டார் போட்டால் வேகம் கால்பங்கு கூடினாலே அதிகம்.

"இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லையே" என்பார். அது பழைய மோட்டாருக்கான சாட்சி. புதியதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. "என் படகு, என் காசு" என்பார். தனியாக ஓட்டும்வரை அந்தப் பேச்சு செல்லும். டிக்கெட் வாங்கி ஏறும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பின்பலகையின் கதை தெரியாது. அவர்கள் அறியாத ஆபத்தில் அவர்களை உட்காரவைத்துச் சம்பாதிப்பதைத் திருட்டு என்றே நான் சொல்வேன்.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள், 11 பேர் ஒரே குடும்பத்தார். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். இறந்தவர்களைத் "தண்ணீரில் கண்டம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோமே, வெவ்வேறு நட்சத்திரத்தில் பிறந்த இந்த 22 பேரின் கண்டமும் ஒரே மாலையில் எப்படிக் கூடியது? பாரமும் சாய்வும் மிதப்பும்தான் அந்த முகூர்த்தத்தைக் குறித்தன. விதி என்று சொல்லும் ஒவ்வொரு வாயும் பட்டறைக்காரரையும் உரிமையாளரையும் சான்றிதழ் தந்தவரையும் விடுதலை செய்கிறது.

அறியாத ஆபத்தில் சிக்கியவர்கள் மும்பையிலும் உண்டு. 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில் இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படைப் படகு, கட்டுப்பாடு இழந்து 'நீல்கமல்' பயணிகள் படகில் மோதியது. 15 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர், அந்தச் சோதனை நடப்பதே தெரியாமல் எலிஃபண்டா குகைகளுக்குச் சுற்றுலா கிளம்பியவர்கள்.

படகின் பாதுகாப்பைப் பாதிக்கும் மாற்றத்துக்கு முன்னனுமதி வேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். ஆகவே கபினிக்காரர் முதலில் பின்பலகையைத் தட்டி, துளைத்துப் பார்க்கட்டும். எடைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்திப் படகு எவ்வளவு சாய்கிறது என்று அளக்கட்டும். கரையில் யானை தெரிந்ததும் பயணிகள் எல்லோரும் எழுந்து ஒரு பக்கமாக ஓடுவார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கட்டும். இதற்கெல்லாம் செலவழிக்கப் பணமில்லை என்றால் பழைய மோட்டாரே இருக்கட்டும்.