சாகாத மீன்

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவந்திருந்தால் நல்ல மீன். மீன் செத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதற்குத்தான் அந்தச் சோதனை. உயிரோடிருந்தபோது அது எப்படி மூச்சு விட்டது என்பதை அந்தச் சிவப்புச் சொல்லாது.

பாகூர்ப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. புகையான் பரவினால் விவசாயி மருந்து அடிக்கிறார். (நஞ்சை மருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோமே, அதைப் பற்றியே தனியாக எழுதலாம்!) மறுநாள் மழை பெய்தால் அது வயலோடு நின்றுவிடுமா? வடிகால் வழியே குட்டைக்குப் போகும். அளவு மிஞ்சினால் மீன்கள் செத்து மிதக்கும்; ஊர் கூடும். குறைவாயிருந்தால் ஒன்றுமே நடவாதது போலிருக்கும்.

ஒரு நஞ்சின் கடுமையை அளக்க, 96 மணி நேரத்தில் பாதி மீன்கள் சாக எவ்வளவு வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் பார்க்கிறார்கள். பிறகு அதில் ஒரு சிறு பங்கு கலந்த நீரில் மீனைச் சில வாரம் வாழவிட்டு, உறுப்புகளைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இவ்வகை ஆராய்ச்சிகள் பல நடந்திருக்கின்றன. செவுளின் மெல்லிய இதழ்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; பிராணவாயு நுழையும் வழி குறுகுகிறது. நஞ்சை முறிக்க வேண்டிய ஈரல் அந்த வேலையிலேயே சிதைகிறது. சிறுநீரகக் குழாய்களும் கெடுகின்றன. மீனோ நீந்திக்கொண்டுதான் இருக்கிறது. விராலுக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும் வித்தை தெரியும். செவுள் கெட்டாலும் நாளைக் கடத்திவிடும். ஈரலுக்கு அப்படி மாற்று வழி ஏது?

வள்ளுவர் இன்னாசெய்யாமைக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமுமாக அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் ஒன்றேயானால் ஒன்று போதுமே! நாம் இரண்டாவதை மட்டும் படித்தவர்கள் போலத் தோன்றுகிறது. பிணம் மிதந்தால்தான் நமக்குக் குற்றம். எண்டோசல்ஃபான் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும் என்பது நெடுநாள் முன்பே தெரிந்த விஷயம். ஆனால் 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியபோது பேசப்பட்டது காசர்கோட்டு மனிதர்களின் துயரம்.

விவசாயியைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. கடன் வாங்கி நட்ட பயிர் கருகுவதைப் பார்த்துக்கொண்டிரும் என்று அவரிடம் சொல்ல நான் யார்? ஆனால் புகையானைத் தின்னும் சிலந்திகளையும் மருந்து கொன்றுவிடுவதால், புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகுவதுண்டு. அதைக் கண்டுதான் இந்தோனேசிய அரசு 1986-ல் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று தடுத்தது. விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. அங்கும் அதை மீனுக்காகச் செய்யவில்லை; நெல்லுக்காகத்தான் செய்தார்கள்.